மழை நாளிலும் ஓடிய மோட்டார்

சென்னிமலையின் வலது நெற்றிப்பொட்டில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. புளியங்கொட்டை அளவு, கொஞ்சம் பளபளப்பாக. பட்டாளத்தில் வந்த தலைவலிக்காக அவன் கேட்ட ஊனப் பென்சனை அந்தத் தழும்பைக் காட்டித்தான் இல்லை என்று எழுதினார்கள். அது எப்போது வந்த தழும்பு என்று நிரூபிப்பதற்குள் நான்கு வருடம் போனது. கூடவே அலைந்தவன் நான்.

உறவைச் சொல்லிவிட்டால் பிறகு குழப்பம் இருக்காது. எங்கள் அப்பாவுடன் பிறந்த அக்கா மயிலாத்தாள். பாலக்காட்டுச் சீமையில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கரட்டுப்பதியில் கட்டிக்கொடுத்தார்கள். பெற்றது நான்கு, தங்கியது ஒன்று. அந்த ஒன்றுதான் சென்னிமலை. பிற்பாடு என் தங்கை கமலாத்தாளை அவனுக்கே கொடுத்தோம். ஆகவே அவன் எனக்கு அத்தை மகனும் ஆனான், தங்கை புருஷனும் ஆனான். அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். எனக்கு ஆறு வயது இளையவன்.

அவனுக்கு ஒன்பது வயதிருக்கும்போதே அத்தையின் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். நாலு ஏக்கர் மேட்டு நிலம், ஒரு கிணறு. மழை உண்டானால் நிலக்கடலை, இல்லாவிட்டால் ஆடு. ஐம்பத்தொன்பதில் கோயமுத்தூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அத்தையிடம் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். பதினைந்து நாள் கழித்துக் கடிதம் வந்த பிறகுதான் அத்தைக்கே தெரியும். அத்தையிடம் உள்ளதைச் சொல்லாமல் காரியம் செய்கிற பழக்கம் அவனுக்கு அப்போதே இருந்தது.

பீரங்கிப் படையில் சேர்த்தார்கள். குண்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. அறுபத்தைந்து சண்டையில் பஞ்சாப் எல்லையில் ஒரு நாள் காலை, எதிரி விட்ட குண்டு இவர்கள் குழிக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. மேலே ஒரு கீறல் இல்லை. தூக்கி எறிந்ததில் தலை குண்டுப் பெட்டியில் மோதி, மூக்கில் ரத்தம் வந்தது. அரை மணி நேரத்தில் எழுந்து மறுபடி குண்டு எடுத்துக் கொடுத்தானாம். ஆசுபத்திரிக்குப் போகவில்லை, அதனால் அதற்கு ஒரு சீட்டும் இல்லை. அன்றைக்கே போய்ப் படுத்திருக்கலாமே என்று பிற்பாடு எத்தனை ஆபீசில் எத்தனை பேர் கேட்டார்கள்!

அடுத்த மாதம் தலைவலி ஆரம்பித்தது. முதலில் கண்ணுக்கு முன்னால் கருக்கரிவாள் வளைவில் ஒரு வெளிச்சம் நெளியும். கால் மணி நேரத்தில் அது போய்விடும். போனதும் வலது பக்கத் தலையில் அடி விழத் தொடங்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வெல்லம் காய்ச்சுகிற வாசனை வந்தால் வாந்தி. ஒரு பகல் இருக்கும், சில தடவை இரண்டு பகல். மாதத்தில் மூன்று முறை, நான்கு முறை.

அறுபத்தாறு தை மாதம் லீவில் வந்தான். வந்த மூன்றாம் நாள் தலைவலி வந்து, போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு படுத்துவிட்டான். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"எத்தன நாளா இருக்குது கண்ணு?" என்றார் அத்தை.

"நாலு மாசமாச்சும்மா."

"பட்டாளத்துல டாக்டருங்க இல்லியா?"

"மாத்திரை குடுக்கறாங்க."

"மாத்திரையா!" என்று அத்தை எழுந்து போய் விளக்கைப் பற்றவைத்தார்.

விடாத தலைவலிக்கு நெற்றிப்பொட்டில் சூடு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விரலி மஞ்சளின் நுனியை விளக்கில் காட்டி, கனிந்ததும் ஒரு தரம் வைத்து எடுப்பார்கள். அநேகமாகக் குழந்தைகளுக்குத்தான் வைப்பது. அத்தை அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னை அவன் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"புடிக்க வேண்டாம் மச்சான். நானென்ன கொழந்தையா?" என்றான். சதை பொசுங்குகிற வாசனை வந்தது. அவன் அசையவில்லை.

தலைவலி விட்டுப் போகிற வரைக்கும் உப்பில்லாக் கஞ்சிதான் குடிப்பேன் என்று அத்தை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். ஐந்தாம் நாள் மறுபடி வந்தது. அத்தை இடது பக்கமும் சூடு வைக்க மஞ்சளைத் தயாராக எடுத்துவைத்தார். சென்னிமலை எழுந்து காட்டுப் பக்கம் போனவன் பொழுது சாயத்தான் திரும்பி வந்தான். அத்தை உப்பில்லாக் கஞ்சியை வட்டிலில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, தலைவலி போயிருச்சு" என்றான்.

"நெசமாவா கண்ணு?"

"நெசமாத்தான். உட்டே போச்சு. நீ உப்புப் போட்டுக் குடி."

அத்தை அவன் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உப்புச் சட்டியை எடுத்தார்.

லீவு முடிந்து அவன் போய்விட்டான். அத்தை கிணற்றடியிலும் சந்தையிலும் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பட்டாளத்து டாக்டரால் ஆகாததை மயிலாத்தாள் ஒரு விரலி மஞ்சளில் தீர்த்துவிட்டாள் என்று பேச்சு பரவியது. பக்கத்துப் பதிகளிலிருந்து பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அத்தை கைநீட்டி ஒன்றும் வாங்கமாட்டார். மஞ்சளை மட்டும் அவர்கள் கொண்டுவர வேண்டும்.

எழுபத்திரண்டில் சென்னிமலையைத் தலைவலிக்காகவே வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பினார்கள். பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. பதினைந்து முடிந்திருந்தால் சாதாரணப் பென்சன் உண்டு. முடியாதவர்களுக்கு, வந்த நோய் பட்டாளத்தால் வந்தது என்று டாக்டர்கள் எழுதினால்தான் ஊனப் பென்சன். அதற்கு வடக்கே ஒரு ஆசுபத்திரியில் போர்டு வைத்தார்கள். மூன்று டாக்டர்கள். ஒருவர் அவன் தழும்பைத் தொட்டு, இது என்ன என்று இந்தியில் கேட்டார். அம்மா வைத்தது என்றான். எதற்கு? தலைவலிக்கு. டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

"அத்தோட உட்டுட்டேன் மச்சான்" என்று என்னிடம் சொன்னான். "எப்பன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. நாயக் ரேங்க் பட்டை போட்டவன், இருபத்தாறு வயசுல அம்மா மடியில படுத்துச் சூடு வாங்குனேன்னு சொல்ல வாய் வருமா? சுத்தி நாலு பேரு நிக்கறான்."

தலைவலி என்றைக்கோ போய்விட்டது என்று அத்தை நம்பிக்கொண்டிருந்ததால், காது மந்தம் என்று அனுப்பிவிட்டதாக அத்தையிடம் சொன்னான். குண்டுச் சத்தத்தில் காது போவது அத்தைக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதன் பிறகு கொஞ்ச நாள் அவனிடம் கத்திப் பேசினார். தலைவலிக்காரனிடம்!

ஊருக்கு வந்த பின்னும் தலைவலி தன் போக்கில் வந்தது. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு எண்ணெய் மில்லில் காவல் வேலை கிடைத்தது. மாதத்தில் நாலைந்து நாள் வராதவனை யார் வைத்துக்கொள்வார்கள்? அதுவும் போனது. பிறகு நிலம்தான். கரண்ட் இழுத்துக் கிணற்றில் மோட்டார் வைத்திருந்தார்கள். கிணற்றோரம் ஜன்னலில்லாத சின்ன மோட்டார் ரூம்.

ஒரு நாள் அவனைத் தேடிப் போனேன். அதற்கு முந்தின நாள்தான் நல்ல மழை. வயலில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் மோட்டார் ஓடுகிறது. கதவைத் தள்ளினேன். ஓடுகிற மோட்டாருக்கு ஒரு முழம் தள்ளி, ஈரத்துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தரையில் சுருண்டு கிடந்தான். மூலையில் வாந்தி. நான் போய் மோட்டாரை நிறுத்தினேன்.

"போடு மச்சான்" என்றான், கண்ணைத் திறக்காமல்.

"தலைவலியோட இந்தச் சத்தத்துலயா படுத்திருக்கறே?"

"நின்னா அம்மா என்னமோ ஏதோன்னு வந்துரும். ஓடுனா தண்ணி கட்டறேன்னு இருந்துக்கும். போடு."

போட்டேன். போட்ட கை எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

எழுபத்துமூன்றில் பென்சன் ஆபீசிலிருந்து இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. பாலக்காட்டில் பழைய பட்டாளத்தாருக்கு மனு எழுதிக்கொடுக்கிற ராக்கப்பன் என்று ஒரு கிளார்க் இருந்தார். சித்தூர்க்காரர், அவரும் பட்டாளத்தில் இருந்தவர். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படித்துச் சொன்னார்.

"சிறு வயசு முதல் உள்ள நோவு. நெற்றியில் குழந்தைப் பருவத்து நாட்டு வைத்தியத் தழும்பு. பட்டாளத்தால் வந்ததும் அல்ல, பட்டாளத்தால் கூடியதும் அல்ல. அதனால் தள்ளுபடி." பேப்பரைக் கீழே வைத்தார். "சென்னிமலை, இது குழந்தையில வெச்சதா?"

"இல்லீங்க. அறுபத்தாறுல."

"அப்போ போர்டுல எந்தா சொல்லாம விட்டது?"

அவன் தரையைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். ராக்கப்பன் சிரிக்கவில்லை. "ஆறு மாசத்துக்குள்ள அப்பீல் போடலாம்" என்று மட்டும் சொன்னார்.

பட்டாளத்தில் சேரும்போது எழுதிய அடையாளக் குறிப்பு இருக்குமே என்று கேட்டேன். அதை வரவழைத்துப் பார்த்தால், மார்பில் மச்சம், முழங்காலில் தழும்பு, இரண்டோடு முடிந்திருந்தது. இரண்டு அடையாளம்தான் எழுதுவார்களாம். நெற்றியில் ஒன்றும் இல்லை என்று யாரும் எழுதவில்லை. கமலாத்தாள் பெட்டியைக் கிளறி அறுபத்துமூன்றில் எடுத்த கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்தாள். பொள்ளாச்சி ஸ்டூடியோவில் எடுத்தது. சென்னிமலை முகம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மூன்று பேரும் நம்பிக்கையாகப் பாலக்காடு போனோம்.

ராக்கப்பன் போட்டோவைப் பார்த்தார், என் தங்கையைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "அம்மா, உங்க தாடையில ஒரு மச்சம் இருக்கே?"

"பொறந்ததிலிருந்து இருக்குதுங்க."

"இதுல காணோமே?"

போட்டோக்காரன் அழகாக இருக்கட்டும் என்று மச்சத்தைத் தீற்றி அழித்திருந்தான். மச்சத்தை அழித்தவன் தழும்பை அழித்திருக்கமாட்டானா என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். ராக்கப்பன் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வருகிற வழியெல்லாம் கமலாத்தாள் அந்த ஸ்டூடியோக்காரனைத் திட்டிக்கொண்டு வந்தாள். முதல் அப்பீல், புதிய சாட்சியம் இல்லை என்று எழுபத்துநாலில் திரும்பி வந்தது.

"கூட இருந்த மச்சான் பார்த்தேன்னு சொன்னாப் போதாது. சூடு வெச்ச ஆள் இருக்காங்களா?" என்றார் ராக்கப்பன்.

"இருக்கறாங்க" என்றேன் நான்.

"இல்லீங்க" என்றான் சென்னிமலை அதே சமயத்தில்.

ராக்கப்பன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கமலாத்தாள் கொல்லைப் பக்கம் அவனை மறித்துக்கொண்டாள். "ஏனுங்க, அத்தைகிட்டச் சொன்னா ஒரு நாள்ல முடியற காரியந்தானுங்களே?"

"சொன்னா என்னாகும் தெரியுமா? அது மறுபடியும் உப்பில்லாம குடிக்கும். இந்த எட்டு வருசமா வெச்சுட்டிருக்கற சூடெல்லாம் என்னத்துக்குன்னு அது கேட்டா, நான் என்ன சொல்லறது?"

"எனக்கென்னமோ நீங்க பென்சனுக்கு அலையறாப்புலத் தெரியல. அத்தை காதுல உழுகாம இருக்கறதுக்கு அலையறாப்புல இருக்குது."

அவன் கிணற்றுப் பக்கம் நடந்துவிட்டான். அவளும் விட்டுவிட்டாள். கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் மெதுவாகப் பேசிப் பேசி அவளுக்கும் அலுத்துப் போயிருந்தது.

கூட வேலை பார்த்தவர் யாராவது சாட்சி சொன்னாலும் போதும் என்று ராக்கப்பன் எழுதியிருந்தார். ஒரே பீரங்கியில் இருந்தவன் ஒருவன் சின்னக்கானலில் இருப்பதாகச் சென்னிமலைக்கு ஞாபகம். மிக்கேல்ராஜ் என்று பெயர். பட்டாளத்தை விட்டு வந்து தேயிலை எஸ்டேட்டில் வாட்ச்மேன் வேலை. பொள்ளாச்சி போய், உடுமலை போய், அங்கிருந்து மூணாறு பஸ். மலை ஏற ஏறச் சென்னிமலைக்குக் கண்ணில் அரிவாள் நெளிய ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸை இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். மூணாற்றில் ஜீப் ஏறும்போது அவன் நடக்கிற நிலையில் இல்லை. மிக்கேல்ராஜின் லயத்து வீட்டுக்குள் நான் அவனைத் தூக்காத குறையாகத்தான் கொண்டுபோனேன்.

"ஏலே மலை! நீயாலே? இன்னுமாலே இந்தத் தலைவலி ஒன்ன விடல?" என்றான் மிக்கேல்ராஜ். பெண்டாட்டி இன்பமேரியைக் கூப்பிட்டு ஜன்னலுக்குக் கம்பளி போடச் சொன்னான். யாரும் சொல்லித்தரவில்லை. கூட இருந்து பார்த்தவன் இல்லையா? மறுநாள் மத்தியானம் வரை அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

தெளிந்த பிறகு விஷயத்தைச் சொன்னோம். மிக்கேல்ராஜ் தொடையைத் தட்டினான்.

"ஞாபகம் இருக்கான்னா கேக்கே? லீவு முடிஞ்சு வந்தவன் தொப்பிய எடுக்கவே மாட்டேங்கான். சோறு திங்கும்போதும் தொப்பி. நாந்தான் புடுங்குனேன். உங்கம்மா முத்திரை குத்தி அனுப்பிட்டாவளே, நீ என்ன ரேஷன் மூட்டையான்னு கேட்டேன். ஒரு மாசம் இவனுக்குப் பேரே ரேஷன் மூட்டைதான். மாதா மேல சத்தியமா எழுதித்தாரேன்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கம்மா இருக்காவல்லாலே? அவுகளையே சொல்லச் சொன்னா முடிஞ்சு போச்சே. எதுக்கு இந்தக் குளிர்ல ஏறி வந்தே?" என்றான்.

சென்னிமலை மெல்ல மெல்லச் சொன்னான். மிக்கேல்ராஜ் கேட்டுவிட்டு, "பக்கத்துல விழுந்த குண்டுக்குப் பயப்படாத பய, அம்மாவுக்குப் பயப்படுதியே" என்றான்.

"குண்டு ஒருக்கா உழுந்தா முடிஞ்சு போகுது" என்றான் சென்னிமலை.

மூணாற்றில் ஒரு வக்கீல் முன்னால் மிக்கேல்ராஜ் கையெழுத்துப் போட்டான். இரண்டாவது அப்பீலில் அதைச் சேர்த்து அனுப்பினோம். இனி அத்தைக்குத் தெரியாமலே முடிந்துவிடும் என்று இருந்தோம்.

எழுபத்தைந்து ஆனியில் ராக்கப்பன் கார்டு போட்டு வரச்சொன்னார். "உங்க ஆள் சொன்னது நல்ல சாட்சி. ஆனா சூடு ஊர்ல வெச்சதுன்னு சொல்லியிருக்கார். அதனால ஊர்ல விசாரிச்சு ரிப்போர்ட் வேணும்னு கேட்டிருக்காங்க. வில்லேஜ் ஆபீசர் வருவார். ஒரு காரியம் மட்டும் மனசுல வெச்சுக்கணும், சென்னிமலை. விசாரணையில ஒருத்தர் 'இப்போ இவனுக்கு ஒரு கேடும் இல்ல'ன்னு சொன்னாப் போதும். அது ஃபைல்ல ஏறினா பின்னே எந்த அப்பீலும் எடுபடாது."

அதன் பின்னும் அவன் அத்தையிடம் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றான். நானாவது சொல்லியிருக்க வேண்டும். மருமகன் முறைக்கு எனக்கும் உரிமை உண்டு. எனக்கும் தைரியம் வரவில்லை.

ஆடிக் காற்று புழுதியை வாரிக் கொட்டுகிற ஒரு நாள் பகலில் வில்லேஜ் ஆபீசர் சைக்கிளில் வந்தார். மலையாளத்துக்காரர், இளவயது. அன்று நான் அங்கேதான் இருந்தேன். அத்தை கட்டிலை இழுத்துப் போட்டு, மோர் கொடுத்து, எதிரே தரையில் உட்கார்ந்தார். சென்னிமலை தூணோரம் நின்றான். கமலாத்தாள் கதவுக்குப் பின்னால்.

"அம்மே, மகனோட நெற்றியில இந்தத் தழும்பு எப்போ வந்தது?"

அத்தைக்கு முகமே மலர்ந்துவிட்டது. காது விஷயத்துக்கு வந்தவர் சூட்டை ஏன் கேட்கிறார் என்று நினைக்கக்கூட இல்லை. "நாந்தானுங்க வெச்சேன். அறுபத்தாறு தை மாசம், பொங்க நோம்பி முடிஞ்சு நாலாம் நாளு. பட்டாளத்துலருந்து லீவுல வந்திருந்தானுங்க. அதுக்கு முன்னால இவன் மொகத்துல ஒரு பொட்டுக் கறை இருந்ததில்லீங்க."

ஆபீசர் எழுதினார். சென்னிமலை மூச்சை விட்டான். இரண்டு வருடமாகத் தேடிய வார்த்தை, மோர் குடித்து முடிப்பதற்குள் கிடைத்துவிட்டது.

"எதுக்கு வெச்சது?"

"தலைவலிக்குங்க. பட்டாளத்துல வந்த தலைவலி. டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. நான் வெச்சேன், அஞ்சு நாள்ல உட்டுப் போச்சு. அன்னைக்குப் போனது இன்னைக்கு வரைக்கும் இவனுக்குத் தலைவலின்னு ஒண்ணு வந்ததில்லீங்க."

ஆபீசரின் பேனா நின்றது. "பின்னே வந்ததே இல்லையா?"

"இல்லீங்க சாமி. நீங்க நம்பலீன்னா சாட்சி இருக்குது. இந்த ஒம்போது வருசத்துல பதினோரு பேருக்கு வெச்சிருக்கறேன்." அத்தை எழுந்து வேலிப் பக்கம் போனார். "பொன்னாத்தா! ஏ பொன்னாத்தா! புள்ளையக் கூட்டிட்டு வா!"

பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சித்திரையில் வைத்த சூடு. காய்ந்து கறுத்து, ஓரத்தில் மட்டும் இன்னும் சிவந்திருந்தது. ஆபீசர் குனிந்து பார்த்தார். அந்தச் சிறுமி அத்தையைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இப்பத் தலைவலி இருக்கோ மோளே?" என்று ஆபீசர் கேட்டார்.

பிள்ளை அத்தையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இல்ல" என்றது, அவசரமாக.

ஆபீசர் பேனாவை எடுத்தார். "அப்போ அப்படியே எழுதறேன். சூடு வெச்சதுக்கு அப்புறம் தலைவேதனை இல்லை. சென்னிமலை, அம்மா சொன்னது சரிதானே?"

நான் சென்னிமலையைப் பார்த்தேன். அவன் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றான். காற்றில் ஓட்டின் மேல் ஏதோ கிடுகிடுவென்று ஆடியது. கதவுக்குப் பின்னால் கமலாத்தாளின் வளையல் சத்தம் கேட்டது.

"தேதி சரிங்க சார்" என்றான். "தலைவலி போச்சுங்கறது நான் சொன்ன பொய்யிங்க. ஒரு நாளும் போகல. முந்தா நேத்துக்கூட வந்துதுங்க."

அத்தை திரும்பி நின்றார். "என்ன கண்ணு சொல்லறே?"

"போகலம்மா. நீ உப்பில்லாம குடிச்சுட்டிருந்தே. அதுக்காகச் சொன்னேன். காது மந்தம்னதும் பொய்தான். தலைவலிக்குத்தான் அனுப்புனாங்க."

பொன்னாத்தாள் மகளை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். அத்தை மெதுவாக வந்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார். மகனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"அப்ப மழை பேஞ்ச மறுநாளெல்லாம் மோட்டார் ஓடுனது?"

"அதுக்குத்தாம்மா."

"நான் நெனைச்சேன், இவன் எதுக்கு ஈரக்காட்டுக்குத் தண்ணி கட்டறான்னு" என்றார் அத்தை. பிறகு ஆபீசரைப் பார்த்து, "நான் சொன்னத அடிச்சுருங்க சாமி. அவன் சொன்னத எழுதுங்க" என்றார்.

"அடிக்கக் கூடாது அம்மே. ரெண்டையும் எழுதறேன்."

இரண்டையும் எழுதி வாசித்துக் காட்டினார். மகன் பொய் சொல்லியிருந்ததால் நான் அப்படி நம்பினேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அத்தை கைநாட்டு வைத்தார். பெருவிரலில் மையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். துடைக்கத் துணி கொண்டுவந்து கொடுத்தும் வாங்கவில்லை. பொன்னாத்தாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

பென்சனுக்காகச் சொன்னானா, அந்தப் பிள்ளையின் நெற்றியைப் பார்த்துச் சொன்னானா என்று நான் சென்னிமலையிடம் கேட்டதில்லை.

பதில் வரப் பதினாலு மாதம் ஆயிற்று. அதற்கு நடுவில் இன்னொரு போர்டு வைத்தார்கள். மூன்று வேறு டாக்டர்கள், அதே கேள்விகள். எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், எத்தனை நாள். தழும்பைப் பற்றிக் கேட்டபோது வருடத்தையும் மாதத்தையும் சொல்லி, அப்போது எனக்கு இருபத்தாறு வயது என்றானாம். ஒரு டாக்டர் சிரித்தாராம். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றான்.

ராக்கப்பன் காகிதத்தைப் படித்தார். நோய் பட்டாளத்தால் வந்தது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஊனம் நூற்றுக்கு இருபது. அதற்கு ஒரு புள்ளி குறைந்தாலும் பென்சன் கிடையாது. இரண்டு வருடத்துக்குக் கொடுப்பார்கள், அப்புறம் மறுபடி போர்டு.

"மறுபடியும் மொதல்லருந்தா?" என்றான் சென்னிமலை.

"எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் ஏழு போர்டு பார்த்துட்டார்" என்றார் ராக்கப்பன். டீ வரவழைத்துக் கொடுத்தார். சென்னிமலை அதைக் குடிக்க மறந்து காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தான்.

அன்றைய விசாரணைக்குப் பிறகு அத்தை யாருக்கும் சூடு வைக்கவில்லை. தெரியாமல் தூரத்திலிருந்து வந்தவர்களிடம், "ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. என்ற மகனுக்கே போகல" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார். வேலிக்கு அந்தப் பக்கம் பொன்னாத்தாளோடு பேச்சு நின்றது ஒரு வருடத்துக்கு மேல். உப்பில்லாக் கஞ்சிக்கும் ஒரு நாள் உட்கார்ந்தார். கமலாத்தாள் கூடவே உட்கார்ந்து தன் வட்டிலிலும் உப்பில்லாமல் ஊற்றிக்கொண்டாள். மூன்றாம் வேளைக்கு அத்தையே உப்புச் சட்டியை எடுத்து நடுவில் வைத்துவிட்டார்.

எழுபத்தெட்டில் அடுத்த போர்டுக்குத் தேதி வந்திருந்தபோது நான் போனேன். வீட்டு வாசலில் அத்தை கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்தார். உள் அறையின் கதவு சாத்தியிருந்தது. மணியடித்துக்கொண்டு வந்த ஐஸ் வண்டிக்காரனை, "அக்கட்டால போ சாமி, அக்கட்டால போ" என்று கையை ஆட்டி அனுப்பினார். கேறிக்கொண்டு வந்த ஒரு கோழியைக் குச்சியால் விரட்டினார். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கிணற்றுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"காலைல புடிச்சது" என்றார் அத்தை, மெதுவாக. "போர்டுக்கு நானும் வர்றேன்னேன். வேண்டாங்கறான். எப்பலிருந்துன்னு கேட்டா நான் சரியாச் சொல்லுவனல்லொ?"